இருளர் குடும்பத்துக்குச் சாதிச் சான்று: சட்டத்தின் சமமான பாதுகாப்பைக் கேட்டுப் பெறும் வழி

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த கையோடு கல்லூரி விண்ணப்பங்கள் தொடங்கிவிடுகின்றன. செஞ்சி வட்டத்தில் ஏரிக்கரையிலும் வாய்க்கால் புறம்போக்கிலும் குடியிருக்கும் இருளர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த நாட்களில் மதிப்பெண்ணைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது: எஸ்.டி. சான்று கையில் இருக்கிறதா? தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு 1990 முதல் தனியாக உள்ள 1 சதவீத இடஒதுக்கீடு, மத்திய அரசுப் பணிகளில் 7.5 சதவீதம், கல்வி உதவித்தொகை, பழங்குடியினருக்கான வீட்டுத் திட்டங்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் வாசல் அந்த ஒரு தாள்தான். அது இல்லாதவருக்கு இந்தச் சட்டங்கள் எழுதப்பட்டிருந்தும் எழுதப்படாத கணக்கே. இந்த அத்தியாயம் அந்தச் சான்றைப் பெறும் வழியைச் சொல்கிறது. கூடவே ஒரு வாதத்தையும் முன்வைக்கிறது. காகிதம் வைத்திருப்பவரிடமும், காகிதமே தரப்படாதவரிடமும் ஒரே காகிதத்தைக் கேட்பது பார்வைக்குச் சமத்துவம். விளைவில் அது பாகுபாடு. விண்ணப்பிக்கும் குடும்பமும் உடன் செல்லும் ஆசிரியரோ தன்னார்வலரோ இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டால்தான் அலுவலகத்தில் கெஞ்ச வேண்டிய இடத்தில் கேட்க முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது

அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு இரண்டு உறுதிகளைத் தருகிறது. ஒன்று, சட்டத்தின் முன் எல்லோரும் சமம். மற்றொன்று, சட்டங்களின் சமமான பாதுகாப்பு எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். முதல் உறுதி அரசு யாருக்கும் சலுகை காட்டக்கூடாது என்கிறது. இரண்டாவது உறுதி அரசுக்கு வேலை வைக்கிறது: சட்டத்தின் காவல் எவரை எட்டவில்லையோ அவரை எட்டும்படி செய்யும் வேலை. இந்த இரண்டாம் சொற்றொடர் அமெரிக்க அரசியலமைப்பின் 1868ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து வந்தது. அதன் பொருளை அங்கே ஒரு சலவைக்கூட வழக்கு தெளிவாக்கியது. சான்பிரான்சிஸ்கோவில் மரக் கட்டடத்தில் சலவைக்கூடம் நடத்த அனுமதி வாங்க வேண்டும் என்று 1880இல் ஒரு விதி வந்தது. அந்த விதியில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. ஆனால் அனுமதி கேட்ட சீனர்கள் சுமார் 200 பேருக்கும் மறுப்பு; சீனர் அல்லாத 80 பேரில் ஒருவர் தவிர எல்லோருக்கும் அனுமதி. 1886இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எழுத்தில் நடுநிலையாக இருக்கும் விதியும் அதை நடத்தும் கை சமமாக இல்லாவிட்டால் சமமான பாதுகாப்பை மீறியதே ஆகும் என்று தீர்ப்பளித்தது. சான்றிதழ், உரிமம், அனுமதி என்று ஓர் அலுவலரின் கையெழுத்தை நம்பியிருக்கும் எல்லா விஷயங்களுக்கும் இந்தத் தீர்ப்பின் தர்க்கம் பொருந்தும்.

நம் நாட்டுச் சட்டம் இதே பாதையில் இன்னும் தூரம் வந்திருக்கிறது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதே ஆண்டு முதலாம் திருத்தத்தின் மூலம் 15(4) பிரிவு சேர்க்கப்பட்டு, பின்தங்கியோருக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தனி ஏற்பாடு செய்யும் அதிகாரம் வெளிப்படையாக எழுதப்பட்டது. தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்த ராயப்பா தொடுத்த வழக்கில், தன்னிச்சையான செயல் எதுவும் சமத்துவத்துக்குப் பகை என்ற கோட்பாடு 1973இல் பிறந்தது. 1975இல் கேரள அரசுக்கும் என்.எம். தாமஸுக்கும் இடையிலான வழக்கில், துறைத் தேர்வில் தேறப் பட்டியல் சாதி, பழங்குடி எழுத்தர்களுக்குக் கூடுதல் கால அவகாசம் தந்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. தேர்வு ஒன்றுதான், அவகாசம் மட்டும் வேறு. அது சமத்துவத்துக்கு விலக்காகத் தரப்பட்டது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதவில்லை. சமத்துவத்தின் ஒரு வடிவமாகவே கண்டனர். 2021இல் ராணுவப் பெண் அதிகாரிகள் தொடர்பான நிதிஷா வழக்கில், பாகுபாடு காட்டும் எண்ணம் இல்லாவிட்டாலும் ஓர் அளவுகோலின் விளைவு ஒரு பிரிவினரை மட்டும் விலக்குமானால் அதுவும் பாகுபாடே என்று நீதிமன்றம் சொன்னது. இனி நாம் கேட்க வேண்டியது, சான்றுக்கான அளவுகோலின் விளைவு இருளர்மீது எப்படி விழுகிறது என்பதே.

காகிதம் எங்கே போயிற்று

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர், மக்கள்தொகையில் 1.1 சதவீதம். அவர்களில் இருளர் 1,89,661 பேர். மாநிலத்தின் எழுத்தறிவு 80 சதவீதத்தைத் தொட்டபோது பழங்குடியினரிடையே அது 54 சதவீதம்தான். தமிழ்நாட்டில் குறிப்பாக நலிவுற்ற பழங்குடிகள் என்று மத்திய அரசு வகைப்படுத்திய ஆறில் இருளரும் ஒன்று. ஆக, இந்த மக்கள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பது அரசுக்குத் தெரியும். அரசே எழுதி வைத்திருக்கிறது. ஆனால் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது பொதுவாக எதிர்பார்க்கப்படுவது தந்தையின் சான்று, தாத்தாவின் பள்ளிப் பதிவு, நிலப் பத்திரம், பழைய வருவாய்க் கணக்கு. வயலில் எலி பிடித்தும், தோப்புக் காவல் இருந்தும், விறகு வெட்டியும், அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டும் வாழ்ந்த குடும்பத்துக்குப் பட்டா கிடையாது. தாத்தா பள்ளிக்குப் போனதில்லை. பிரசவங்கள் குடிசையில் நடந்தன. வேலை இருக்கும் இடத்துக்குக் குடும்பமே பெயர்ந்ததால் ரேஷன் அட்டைகூட ஓர் ஊரிலும் குடியிருப்பு இன்னோர் ஊரிலுமாக இருக்கும். இந்த ஆவணங்கள் இல்லாமல் போனதற்குக் காரணம், பதிவு செய்ய வேண்டிய அலுவலகங்கள் இந்த மக்களிடம் வந்து சேராததே. தான் எழுதத் தவறிய பதிவை ஆதாரமாகக் கேட்டு, அது இல்லை என்று உரிமையை மறுப்பது எந்தத் தர்க்கத்திலும் நிற்காது.

தொலைவும் இதில் சேர்கிறது. பட்டியல் சாதிச் சான்றை வட்டாட்சியரே தருகிறார். பழங்குடிச் சான்று தரும் அதிகாரம் 1989 நவம்பர் முதல் கோட்டாட்சியர் நிலை அலுவலரிடம் இருக்கிறது. செஞ்சி வட்டத்துக்கு அந்த அலுவலகம், அதாவது சார் ஆட்சியர் அலுவலகம், சுமார் 28 கிலோமீட்டர் தள்ளித் திண்டிவனத்தில் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் ஆகியோரின் அறிக்கைகள் ஒவ்வொரு படியாக ஏறி அங்கே போக வேண்டும். ஒவ்வொரு படியிலும் 'நாளைக்கு வா' என்ற சொல் ஒரு நாள் கூலியை விழுங்கும். நிலமும் சம்பளமும் உள்ள குடும்பத்துக்கு அலைச்சலாக மட்டும் தெரிவது, அன்றாடங்காய்ச்சிக் குடும்பத்துக்கு விண்ணப்பத்தையே கைவிடச் செய்யும் காரணம்.

தொழிலைச் செய்து காட்டச் சொன்னால்

விசாரணைக்கு வரும் அலுவலர் பாம்பு பிடிக்கத் தெரியுமா, எலி பிடிக்கத் தெரியுமா என்று கேட்பதாகவும், வீடு கல்வீடாக இருந்தாலோ பிள்ளை நன்றாக உடுத்தியிருந்தாலோ ஐயம் கொள்வதாகவும் நெடுநாளாகப் புகார்கள் உண்டு. பழக்கவழக்கத்தைப் பார்க்கும் இந்த முறைக்குச் சட்ட அடிப்படை இருக்கிறது. 1994இல் குமாரி மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் போலிச் சான்றுகளைத் தடுக்க வகுத்த நெறிகளில், வழிபடும் தெய்வம், திருமண முறை, ஈமச் சடங்கு போன்றவற்றை ஆராய்வதும் ஒன்று. ஆனால் அதே நீதிமன்றம் 2011இல் ஆனந்த் வழக்கில் இந்தச் சோதனையின் எல்லையைச் சொல்லிவிட்டது: இடப்பெயர்வும் நவீன வாழ்க்கையும் பழக்கங்களை மாற்றும், எனவே இது முடிவான உரைகல் ஆகாது. 2023இல் மகாராஷ்டிரத்தின் தாக்கூர் பழங்குடியினர் தொடர்ந்த வழக்கிலும் இதையே உறுதிப்படுத்தியது. கன்னியம்மனையோ ஏழு கன்னிமாரையோ கும்பிடுவது, மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவது போன்ற வழக்கங்கள் குடும்பத்துக்குச் சாதகமான சான்றாகலாம். ஒரு வழக்கம் விட்டுப்போனது மட்டுமே மறுப்புக்குக் காரணமாகக் கூடாது. பாம்புத் தோல் வணிகம் சட்டத்தால் நின்ற பிறகு 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாகி, நச்சுமுறி மருந்துக்கான நஞ்சைத் தரத் தொடங்கியது. அந்தத் திறமைக்கு 2023இல் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் பத்மஸ்ரீ பெற்றனர். அவர்கள் பெற்ற சிறப்பைக் காட்டி, செஞ்சியில் அரிசி ஆலைக் கூலியாக இருப்பவரும் பாம்பு பிடித்தால்தான் இருளர் என்று சொல்ல முடியாது.

எழுதப்படும் பெயரில் மிகுந்த கவனம் வேண்டும். தமிழ்நாட்டுப் பட்டியலில் இருப்பது இருளர் என்ற பெயர். ஊரார் வில்லியர் என்றும் வேட்டைக்காரர் என்றும் அழைப்பதைக் கேட்டுப் பள்ளியில் அப்படியே எழுதிவிட்டால் பின்னால் சிக்கல். அண்டையிலுள்ள புதுச்சேரியில் 2016இல் வெளியான பழங்குடிப் பட்டியல், வில்லி, வேட்டைக்காரன் ஆகிய பெயர்களையும் இருளருக்குள் சேர்த்தே சொல்கிறது. நம் பட்டியலில் அந்த விளக்கம் இல்லை. பட்டியலில் உள்ள பெயருக்குப் புதிய பொருள் சேர்க்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கும் அலுவலருக்கும் இல்லை என்று மிலிந்த் வழக்கில் 2000இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே முதல் வகுப்பில் சேர்க்கும்போதே 'இந்து – இருளர்' என்று பதிவானதைப் பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும். கிறிஸ்தவராக இருந்தால் அந்த மதத்தையே எழுதலாம். பட்டியல் சாதியினருக்கு 1950 ஆணையில் உள்ள மத நிபந்தனை பழங்குடியினருக்கு இல்லை.

எழக்கூடிய மறுப்புகள்

முதல் மறுப்பு வலுவானது: விதியைத் தளர்த்தினால் போலிகள் பெருகும், உண்மையான பழங்குடியின் இடத்தை வேறொருவர் தட்டிப் பறிப்பார். பொய்ச் சான்றில் படிப்பும் பதவியும் பெற்ற வழக்குகள் நாடெங்கும் இருப்பது உண்மை. ஆனால் போலி செய்பவர் யார் என்று பார்க்க வேண்டும். பத்திரம் தயாரிக்கவும் ஆள் பிடிக்கவும் வசதி உள்ளவரே அதைச் செய்ய முடியும். ஆவணத்தை மட்டும் நம்பும் முறை அவருக்கு வழிவிடும். குடிசையில் இருப்பவரை நிறுத்தும். பத்து வீடுகள் உள்ள குடியிருப்புக்கு நேரில் போய், உறவினர், கொள்வினை கொடுப்பினை, குலதெய்வம் என்று விசாரித்தால் பொய் சொல்வது கடினம். தந்த சான்றைப் பின்னர் சரிபார்க்க மாநில அளவிலான கூர்நோக்குக் குழு இருக்கிறது. பொய்ச் சான்றில் பெற்ற பலனைத் திரும்பப் பெறலாம் என்று ஜகதீஷ் பகிரா வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தவறாகத் தந்ததைத் திருத்த வழி இருக்கிறது. தவறாக மறுத்ததால் கல்லூரியை இழந்த பிள்ளைக்கு அந்த ஆண்டைத் திருப்பித் தர வழி இல்லை.

இரண்டாவது மறுப்பு, அலுவலர்களுக்கு யார்மீதும் வெறுப்பு இல்லை, எச்சரிக்கையாக இருக்கிறார்கள் என்பது. பெரும்பாலும் இது உண்மையாகவே இருக்கலாம். சிக்கல் அந்த எச்சரிக்கை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில்தான். தவறான சான்று தந்தவருக்கு விளக்கக் கடிதமும் விசாரணையும் வரும். கிடப்பில் போட்டவரை யாரும் கேட்பதில்லை. இந்த ஏற்பாட்டில் நல்ல மனிதரும் கையெழுத்தைத் தள்ளிப்போடுவார். வெறுப்பே இல்லாமல் பாகுபாடு இப்படித்தான் விளைகிறது. எண்ணத்தைவிட விளைவைப் பார்க்கச் சொன்ன நிதிஷா தீர்ப்பு இங்கே உதவுகிறது. மறுப்பையும் தாமதத்தையும் எழுத்தில் கேட்க வேண்டும் என்று இந்த அத்தியாயம் வலியுறுத்துவதும் இதனால்தான். எழுதிக் கொடுக்கப்பட்ட மறுப்புக்கு அதை எழுதியவர் பொறுப்பேற்க வேண்டிவரும்.

மூன்றாவது, செஞ்சியில் மற்ற சாதிகளிலும் ஏழைகள் இல்லையா, இவர்களுக்கு மட்டும் ஏன் தனிக் கவனம் என்பது. வீட்டுக்கே வந்து விசாரிப்பதும், குடியிருப்பில் முகாம் போடுவதும், வேறு ஆவணங்களை ஏற்பதும் எவருடைய பங்கையும் குறைக்காது. அதே தேவையுள்ள பிற குடும்பங்களுக்கும் அவற்றை விரிக்கலாம், விரிக்கவும் வேண்டும். இது நடைமுறையில் இயலாது என்றும் சொல்ல முடியாது. 2021 நவம்பர் 4 அன்று மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில் முதலமைச்சர் நேரில் சென்று நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றும் வழங்கினார். ஒரு குடியிருப்புக்கு அப்படிச் செய்ய முடிந்த நிர்வாகம், செஞ்சி வட்டத்துக் குடியிருப்புகளுக்கு அதையே வழக்கமான வேலையாகச் செய்வதற்குச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை.

செய்ய வேண்டியவை

விண்ணப்பிக்கும் முன் ஒரு கோப்பு சேருங்கள். இரத்த உறவில் எவருக்காவது, தந்தை, உடன்பிறந்தவர், சித்தப்பா, அத்தை எவராயினும், பழங்குடிச் சான்று இருந்தால் அதுவே வலுவான ஆதாரம். அவருக்கும் பிள்ளைக்கும் உள்ள உறவை ஒரு வம்சாவளிப் படமாக ஒரே தாளில் வரையுங்கள்: தாத்தா, பாட்டி பெயர், ஊர், பிள்ளைகள் என்று கீழே இறங்கிவரும் படம். விசாரிக்கும் அலுவலர் பத்து நிமிடத்தில் புரிந்துகொள்ள இதைவிட உதவும் காகிதம் இல்லை. 1989 நவம்பருக்கு முன் வட்டாட்சியர் தந்த பழைய சான்று வீட்டில் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். பள்ளி மாற்றுச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார், பழங்குடி நலத் திட்டத்தில் பயன் பெற்றதற்கான தாள், கொத்தடிமை மீட்பில் தரப்பட்ட விடுவிப்புச் சான்று ஆகியவற்றின் நகல்களும் வேண்டும். எந்த ஆவணமும் இல்லாவிட்டால், ஏன் இல்லை என்பதையே ஒரு பத்தியில் எழுதிச் சேருங்கள். நிலம் இல்லை, பள்ளி செல்லவில்லை, பிறப்பு பதிவாகவில்லை என்ற உண்மை எழுத்தில் கோப்புக்குள் போக வேண்டும்.

விண்ணப்பத்தை இ-சேவை மையத்தில் பதிந்து, எண்ணுள்ள ஒப்புகைச் சீட்டை வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்ன எதுவும் விண்ணப்பம் ஆகாது. தேர்வு முடிவுக்குக் காத்திராமல் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே தொடங்குவது நல்லது. ஒரு குடும்பமாகப் போவதைவிடக் குடியிருப்பாகப் போவது பலன் தரும். எல்லா வீடுகளின் விண்ணப்ப எண்களையும் சேர்த்து, நேரில் வந்து ஒரே நாளில் விசாரிக்குமாறு சார் ஆட்சியருக்கு ஒரு மனு கொடுங்கள். அதன் நகலைத் திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடமும், ஆண்டுதோறும் வட்ட அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியிலும் கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி தொடங்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இந்தப் பகுதி இருளர் உரிமைகளுக்காக நெடுங்காலமாக உழைத்துவரும் அமைப்பு. அத்தகைய அமைப்பின் துணையும் பயன்படும்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்துடன் கூடிய ஆணையைக் கேளுங்கள். யாரிடம், எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் அதில் எழுதித் தரக் கேளுங்கள். பாதிக்கப்பட்டவருக்கு முடிவின் காரணங்களைத் தர வேண்டியது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(டி) பிரிவின் கீழ் அலுவலகத்தின் கடமை. தராவிட்டால், கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை, வருவாய் ஆய்வாளரின் குறிப்பு, கோப்புக் குறிப்புகள் ஆகியவற்றின் நகலை அதே சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். கையில் ஆணை வந்ததும் சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பழங்குடியினருக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. தொலைபேசி எண் 15100. மேல்முறையீட்டுக்குப் பிறகும் நியாயம் கிடைக்காவிட்டால் 226ஆம் பிரிவின் கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். மனுவில் 'ஏழைகள், இரக்கம் காட்டுங்கள்' என்ற தொனி வேண்டாம். ஆவணம் இல்லாததற்கான காரணம், நேரடி விசாரணை நடந்ததா இல்லையா, உறவினரின் சான்று ஏன் ஏற்கப்படவில்லை என்ற மூன்றையும் 14ஆம் பிரிவோடு இணைத்து எழுதுங்கள்.

சான்று வருவதற்குள் வன்கொடுமை நடந்துவிட்டால் காத்திருக்கத் தேவையில்லை. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் முதல் தகவல் அறிக்கை பதியச் சாதிச் சான்று முன்நிபந்தனை இல்லை. 2018இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவின்படி வழக்குப் பதியும் முன் முதற்கட்ட விசாரணையும் தேவையில்லை. புலன்விசாரணையைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி நடத்தி 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கு 4ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை உண்டு. ஆனால் பாதிக்கப்பட்டவர் பழங்குடி என்பதை விசாரணை நீதிமன்றத்தில் நிறுவ வேண்டியிருக்கும். சான்று இல்லாத ஒரே காரணத்தால் வழக்கு அங்கே தளரக்கூடும். அதனால் புகார் கொடுத்த அன்றே, விசாரணைக்குத் தேவை என்று குறிப்பிட்டு விரைந்து சான்று தருமாறு சார் ஆட்சியருக்கும் மனுக் கொடுத்துவிடுங்கள்.

இந்த வழிகள் எல்லாம் நீளமானவை. உரிமை உள்ளவரே இவ்வளவு நடக்க வேண்டியிருப்பது நியாயமா என்று கேட்டால், நியாயம் இல்லை என்பதே பதில். ஊர் ஊராகச் சென்று ஒருமுறை கணக்கெடுத்துச் சான்று கொடுத்துவிட்டால் அடுத்த தலைமுறை இந்த அத்தியாயத்தைப் படிக்கத் தேவையிராது. அரசு அதைச் செய்யும்வரை, குடியிருப்பில் முதலில் சான்று பெறும் குடும்பம் அதை லேமினேட் செய்து பெட்டிக்குள் வைத்துவிடாமல், அதன் நகலையும் வம்சாவளிப் படத்தையும் மற்ற உறவினர் வீடுகளுக்குக் கொடுக்கட்டும். ஒருவர் பெற்ற சான்று அவருடைய இரத்த உறவினர் ஒவ்வொருவரின் விண்ணப்பத்துக்கும் ஆதாரம்.